இடது கை காட்டிய எண்

இரண்டு வருடங்களுக்கு முந்தைய ஆடி மாதம். கிழக்குத் தாம்பரத்தில் கேம்ப் ரோட்டை ஒட்டி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்த பிசியோதெரபி நிலையத்தில்தான் அவரை முதன்முதலில் பார்த்தேன். கை கால் இழுத்துக்கொண்டவர்கள் வந்து போகும் இடத்தை எந்தப் புண்ணியவான் மாடியில் வைத்தானோ தெரியவில்லை. லிப்ட் கிடையாது. நான் கீழே நின்று படிகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூன்றாம் படியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், லெப்ட்டா ரைட்டா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தன் வலது கையால் இடது கையைத் தூக்கி, மடக்கின குடையைக் காட்டுவது மாதிரி காட்டினார். "எனுக்கு லெப்ட்டு அவுட்டு."

"எனக்கு வலது பக்கம்," என்றேன்.

"அப்ப வா. ஜோடி சேந்துடுச்சு. நீ இந்தாண்ட கைப்பிடிய புடி, நான் அந்தாண்ட புடிக்கிறேன்."

அது குறுகலான படிக்கட்டு. அவருடைய நல்ல கை ஒரு கம்பியையும் என்னுடைய நல்ல கை மறு கம்பியையும் பிடித்துக்கொள்ள, பலம் போன பக்கங்கள் இரண்டும் நடுவில் ஒன்றோடொன்று சாய்ந்துகொண்டன. மேலே போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. பக்கவாதம் வந்து படுத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண், "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆள் சார்," என்றாள். அதற்கு அவர், "அந்த முழு ஆளுக்கு ஒரு பீஸ் தான் தருவோம்," என்றார்.

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலையூரில் மகன் குடும்பத்தோடு இருக்கிறேன். அவர் இந்தப் பக்கத்துப் பழைய குடும்பத்துக்காரர். ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த அவருடைய நிலத்தில் இப்போது வாடகை வீடுகள் நிற்கின்றன. நான் அவரைத் 'தலைவரே' என்பேன். அவருக்கு நான் 'வாத்தியாரே'. யாராக இருந்தாலும் 'நீ' என்றுதான் பேசுவார். டாக்டரையும் அப்படித்தான். அவர் வாயிலிருந்து வரும்போது அது மரியாதைக் குறைவாகவே தோன்றாது.

பயிற்சி முடிந்ததும் கீழே டீக்கடையில் உட்காருவோம். அவருடைய வலது கையும் என்னுடைய இடது கையும் சேர்ந்துதான் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கும். அரை பாக்கெட் கீழே கொட்டும். டீக்கடைக்காரர் முதல் இரண்டு நாள் உதவிக்கு வந்தார். பிறகு எங்களுடைய ஆட்டம் அது என்று புரிந்துகொண்டு விட்டுவிட்டார்.

எங்கள் இருவருக்கும் நோயைக் கொண்டுவந்தது ஒன்றேதான், ரத்தக் கொதிப்பு. வருடக்கணக்காகக் கவனிக்காமல் விட்டது. முதல் தடவை வந்தவர்களுக்கு இரண்டாம் தடவை வராமல் இருக்க வேண்டுமானால் அந்த எண்ணைக் கீழே வைத்திருக்க வேண்டும் என்று எங்கள் இருவருடைய டாக்டர்களும் சொல்லியிருந்தார்கள். நூற்று முப்பதுக்குக் கீழே இருந்தால் நல்லது என்றார்கள். என் மகன் வாங்கித் தந்த மெஷின் என்னிடம் இருந்தது. பட்டையைக் கையில் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் தானே காற்றடித்து எண்ணைக் காட்டும். அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, பயிற்சி இல்லாத நாட்களில் ஷேர் ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். இருவரும் பார்த்துக்கொள்வோம். அந்த எண்ணுக்கு 'மார்க்' என்று பெயர் வைத்தது அவர்தான். இந்தப் பரீட்சையில் குறைவாக எடுப்பவன்தான் கெட்டிக்காரன்.

அவர் தினமும் பெயிலானார். எனக்கு நூற்று இருபத்தைந்து என்றால் அவருக்கு நூற்று ஐம்பது, நூற்று ஐம்பத்தைந்து.

அவர் பெயிலாவதில் ஒரு பெரிய இழப்பு இருந்தது. அவர் மனைவி வீட்டில் கருவாட்டை நிறுத்தியிருந்தார். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த மனிதர் அவர். கத்தரிக்காய், மொச்சை, நெத்திலிக் கருவாடு. அதைச் சொல்லும்போதே அவர் குரல் மாறிவிடும். அந்த அம்மா அசைந்து கொடுக்கவில்லை.

"ஒரு வாரம் நூத்தி முப்பதுக்குக் கீழ நிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்," என்றார்.

"பாத்தியா வாத்தியாரே, இந்த வயசுல கருவாட்டுக்கு பரீட்ச எழுத வுட்டுட்டா."

"எழுதுய்யா. எழுதி பாஸ் பண்ணு. ஆஸ்பத்திரியில உன்ன தூக்கிகினு அலைஞ்சது நானு, நீ இல்ல."

இப்படித்தான் நாள் முழுதும் பேசிக்கொள்வார்கள். அவர் சட்டைக்கு அந்த அம்மா பொத்தான் போடும்போதும் திட்டிக்கொண்டேதான் போடுவார். போட்டு முடித்ததும் உள்ளங்கையால் அவருடைய நெஞ்சை ஒரு தடவு தடவிவிட்டுப் போவார். என்னை 'அண்ணா' என்று கூப்பிடுவார். நான் போகும்போதெல்லாம் எனக்கென்று உப்புக் குறைத்த சுண்டல் தயாராக இருக்கும்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் அவருடைய வலது கையில் பட்டையைச் சுற்ற முடியவில்லை. அந்தக் கையில் பேரக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சரி என்று, துவண்டு கிடந்த இடது கையில் சுற்றினேன். நூற்று இருபத்தெட்டு. எனக்கே நம்பிக்கை வரவில்லை. குழந்தையை எடுத்துப் போன பிறகு வலது கையில் பார்த்தேன். நூற்று ஐம்பத்திரண்டு. மறுபடி இடது. நூற்று இருபத்தாறு.

"இன்னா வாத்தியாரே இது? ஒரே ஒடம்புல ரெண்டு மார்க்கு?"

எனக்குத் தெரியவில்லை. அதுதான் உண்மை. ஆனால் வாழ்நாளெல்லாம் வகுப்பில் அழுத்தம் என்றால் என்ன என்று பாடம் நடத்தியவன் நான். மூடிய குழாயில் இருக்கும் திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று கரும்பலகையில் படம் போட்டவன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ரத்தம் ஒன்றுதான், அழுத்தமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். வலது கை நாள் முழுதும் வேலை செய்கிறது, அதனால் தசை இறுக்கமாக இருந்து எண்ணை ஏற்றிக் காட்டுகிறது என்றேன். இடது கை ஓய்வாக இருக்கிறது, அது காட்டுவதுதான் அசல் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சரி என்று தோன்றத் தொடங்கிவிட்டது.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"அடியே! இங்க வா! பீச்சாங்கையில பாஸ் ஆயிட்டேன்!"

அந்த வாரம் முழுதும் நான் இடது கையிலேயே பார்த்தேன். அந்த அம்மாவுக்கும் அப்படியே பார்க்கச் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் இதே மாதிரி ஒரு மெஷின் வாங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து கருவாடு வந்தது. எனக்கும் இலை போட்டார்கள். அவர் முதல் கவளத்தை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்து அவர் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். உலகத்தில் ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட நிறைவு எனக்கு.

அதன் பிறகு ஞாயிறு தவறுவதில்லை. ஊறுகாய் வந்தது. அப்பளம் வந்தது. ஒரு நாள் அந்த அம்மா வாசல் வரை என் கூடவே வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அண்ணா, நம்பர் நல்லாதான கீது, ராத்திரி மாத்திர எதுக்குன்றாரு. சாப்ட்டா தல சுத்துதாம். வுட்டுடலாமா? நீங்க சொன்னா சரி."

டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் டாக்டரிடம் போனால் வலது கையில் பார்ப்பார், பெரிய எண் வரும், கருவாடு நிற்கும், என் விளக்கம் பொய்யாகும். இவ்வளவும் என் மனதில் ஓடியது என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் தலையை ஆட்டினேன். "கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கலாம்மா," என்றேன்.

தை மாதத்தில் ஒரு நாள் காலை. நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். போனில் அந்த அம்மா.

"அண்ணா, வாய் ஒரு பக்கமா போவுது. பேசுனா ஒண்ணும் புரியல. ஆம்புலன்ஸ் வந்துகினு கீது."

நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவது தாக்குதல். சீக்கிரம் கொண்டுவந்ததால் உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச்சு பாதிக்கப்பட்டிருக்கிறது என்றார்கள். மறுநாள் வார்டுக்கு மாற்றினார்கள். அவர் என்னைப் பார்த்து என்னவோ சொன்னார். சொற்கள் கஞ்சி மாதிரி வழிந்தன. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

அங்கே டாக்டர் ஒரு இளம்பெண். பிரஷர் மிகவும் அதிகமாக இருந்திருக்கிறது, மாத்திரையை மாற்றுகிறோம், கூட்டுகிறோம் என்றார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் அந்த அம்மா என்னிடம் வந்தார்.

"அதிகமாம்! வூட்டுல நேத்திக்கு முந்தா நாள் கூட நூத்தி இருபத்தஞ்சு. இவங்க மெஷின்ல தான் கோளாறு அண்ணா. பில்லு ஏத்தறதுக்கு மாத்திர ஏத்துறாங்கோ. எனக்கா தெரியாது?"

பையிலிருந்து வீட்டு மெஷினை எடுத்தார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, அழகாக, இடது கையை எடுத்துப் பக்கத்தில் வைத்து, பட்டையைச் சுற்றி, பொத்தானை அழுத்தினார். நூற்று முப்பத்திரண்டு.

"பாத்தீங்களா? இன்னா பெரிய அதிகம்? வூட்டுக்குப் போனா பழைய மாத்திரையே குடுத்துக்கறேன். இவங்க எழுதறதெல்லாம் வாங்க மாட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா அதைச் செய்யக்கூடியவர். பேச முடியாத அந்த மனிதர் வீட்டுக்குப் போவார், இடது கை நல்ல எண்ணைக் காட்டும், புது மாத்திரை வாங்க மாட்டார்கள், மூன்றாவது தடவை வரும். நான் வாயைத் திறக்காவிட்டால் இது நடக்கும்.

நான் வெளியே போய் நடைபாதையில் நின்றேன். இப்போதே வீட்டுக்குப் போய்விடலாம் என்றும், போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றும், டாக்டரிடம் ரகசியமாகச் சொல்லி அவரையே சொல்ல வைக்கலாம் என்றும் நினைத்தேன். எழுபது வயதுக்கு மேல் ஆகியும் பள்ளிப் பையன் மாதிரி ஓடி ஒளிய வழி தேடினேன். பிறகு திரும்பி உள்ளே போனேன்.

"அம்மா, வலது கையில் வைத்துப் பாருங்கள்," என்றேன்.

"ஏண்ணா? அது தான் இறுக்கமா கீதுன்னீங்களே?"

"வைத்துப் பாருங்கள்."

வைத்தார். நூற்று எழுபத்தெட்டு. அவர் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இரண்டு கையிலும் வேறு வேறு வருகிறது என்று எனக்கு அப்போதே தெரியும்," என்றேன். "எது சரி என்று தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னேன். குறைவாகக் காட்டிய கையை நீட்டச் சொன்னேன்."

"எதுக்கு?"

"அவர் சந்தோஷப்படுவார் என்று."

அந்த அம்மா திரும்பிக் கணவரைப் பார்த்தார். கட்டிலில் அவர் கண் விழித்துத்தான் இருந்தார்.

"கருவாட்டுக்காகவா சார்?"

அண்ணா போய் சார் வந்துவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மாத்திரைய நிறுத்தலாமான்னு வாசல்ல வந்து கேட்டேனே சார். நீங்க படிச்சவரு, உங்களுக்குத் தெரியும்னு தான கேட்டேன். எனுக்குத் தெரிஞ்ச நாலு பேருல நீங்க ஒருத்தரு தான் படிச்சவரு."

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். சத்தம் போடவில்லை. பட்டையைக் கழற்றி மெதுவாக மடித்தார். பிறகு என் பலமில்லாத காலைப் பார்த்தார்.

"ரொம்ப நேரமா நின்னுகினே கீறீங்க. உக்காருங்க. நீங்க வேற வுழுந்து வெச்சா, நான் ரெண்டு பேரையும் தூக்க முடியாது."

ஸ்டூலை இழுத்துப் போட்டார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கடுமையான தண்டனை அந்த ஸ்டூல்தான்.

டாக்டர் மறுபடி வந்தபோது நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. பக்கவாதம் வந்து தளர்ந்துபோன கையில் மெஷின் தப்பாகக் காட்டலாம், எப்போதும் பலமுள்ள கையில்தான் பார்க்க வேண்டும் என்றார். எண் நன்றாக இருந்தாலும்கூட மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது, பல சமயம் எண் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் என்றார். என் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனுக்கும் புரிந்திருக்கும் விஷயம். "ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே சார்," என்று மட்டும் சொன்னார். அந்த அம்மா புதுச் சீட்டை வாங்கி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அவரை வீட்டுக்கு அனுப்பிய பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. என்ன முகத்தோடு போவது? பயிற்சிக்குப் போகும் நேரத்தையும் மாற்றிக்கொண்டேன். மாடிப்படியை ஒற்றைக் கம்பியைப் பிடித்து ஏறினேன். மகனிடம் வெயில் அதிகம், அதனால்தான் எங்கேயும் போகவில்லை என்றேன். மாசி மாதத்தில் என்ன வெயில்?

பிறகு ஒரு மாலை போன் வந்தது. அந்தப் பக்கம் பேச்சே இல்லை. யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது. பிறகு, "வா... வா..." என்று ஒரு குரல் தடுமாறியது. அந்த அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

"வாத்தியாருன்னு சொல்ல வர்றாரு. ஒரு வாரமா அதத்தான் சொல்லிப் பழகுறாரு. ஆட்டோ சத்தம் கேட்டா வாசல பாக்குறாரு. நான் கோவமாத்தான் கீறேன், அது வேற. நீங்க வர்றீங்களா இல்லியா?"

போனேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார். உதடு ஒரு பக்கம் கொஞ்சம் தொங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்தார். சிரிப்பு ஒரு பக்கமாகப் போனது. ஆனால் அது அவருடைய சிரிப்புதான். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழி முழுதும் மனதுக்குள் தயார் செய்துகொண்டு வந்த வாக்கியங்கள் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன்.

அவர் வலது கையால் என் மண்டையில் ஒரு தட்டு தட்டினார். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார்.

"எனுக்கும்... தெரியும். நீ... போனப்பறம்... சோத்துக் கையில... பாத்தேன். ஜாஸ்தி... தான் இருந்துச்சு."

"தெரிந்தும் ஏன் சொல்லவில்லை தலைவரே?"

"நீ... அவ்ளோ... சந்தோஷமா... இருந்த."

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்கு அது கேட்டுவிட்டது. கையைத் துடைத்தபடி வந்து நின்றார்.

"நல்லா கீதுய்யா கத. இவரு உன் சந்தோஷத்துக்கு பொய் சொன்னாராம், நீ இவரு சந்தோஷத்துக்கு கம்முனு இருந்தியாம். ஆஸ்பத்திரில ஒக்காந்து அழுதது யாரு? என் சந்தோஷத்த எவனாச்சும் கேட்டீங்களாடா?"

எழுபது வயதுக்கு மேல் என்னை 'டா' போட்ட முதல் பெண்மணி அவர். எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு, பிறகு முடியாமல் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம்.

சோத்துக் கையில் யாரை விட்டுப் பட்டை சுற்றிப் பார்த்தாரோ, அவர் சொன்னது உண்மையா, என் மனபாரத்தை இறக்குவதற்காகச் சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. இப்போது அவர் பேச்சு பாதிக்கு மேல் தேறிவிட்டது. டீக்கடைக்காரரைத் திட்டும் அளவுக்கு வந்துவிட்டது. ராத்திரி மாத்திரையை அந்த அம்மா தன் கையாலேயே அவர் வாயில் போட்டு, விழுங்கிவிட்டாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறார். எண் மெல்ல மெல்ல இறங்கியது. ஆனாலும் சில நாள் ஏறிவிடுகிறது. பலமுள்ள கையில் பட்டையைச் சுற்றுவது தன் வேலை, எண்ணைப் படித்துச் சொல்வது என் வேலை என்று அந்த அம்மாதான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்.

நேற்று நூற்று நாற்பத்தொன்று வந்தது. என் நண்பரின் முகம் சுருங்கியது. கொஞ்சம் குறைத்துச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் எனக்குள் அந்தப் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. நூற்று நாற்பத்தொன்று என்று உரக்கச் சொன்னேன். அவர் மனதுக்குப் பிடிக்காததை அவரிடமே சொல்லிவிட்டு, அவர் பக்கத்திலேயே எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பதுதான் அவர்மேல் எனக்கிருக்கும் அன்பு என்பதைப் புரிந்துகொள்ள, என் நண்பர் தன் பேச்சில் பாதியை இழக்க வேண்டியிருந்தது என்பதை மட்டும் என்னால் மறக்கவே முடியவில்லை.